கொலைக்கு அழைப்பு விடுத்த விளம்பரம்: மிஸ் மார்ப்பிள் கதைகளை எங்கிருந்து தொடங்கலாம்?

இங்கிலாந்துக் கிராமம் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர் பேப்பரில் வரி விளம்பரம் வருகிறது. ஊர்க்காரர்கள் ஏதோ விளையாட்டு என நினைத்து, ஆளுக்கொரு சாக்குடன் அந்த வீட்டுக்கே போய் உட்காருகிறார்கள். சரியாக 6.30-க்கு விளக்கு அணைகிறது.

அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' (1950) நாவல் தொடங்குவது இப்படித்தான். மிஸ் மார்ப்பிள் கதைகளுக்குப் புதியவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

யார் இந்த மிஸ் மார்ப்பிள்?

செயின்ட் மேரி மீட் என்ற கற்பனை ஊரில் தோட்டமும் பின்னல் ஊசியுமாக வாழும், கல்யாணமாகாத பாட்டி. 1927-ல் சிறுகதையில் அறிமுகமாகி, 12 நாவல்களில் துப்பு துலக்கியவர். சந்தேக நபரைப் பார்த்ததும் அவருக்குத் தன் ஊரில் பார்த்த யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். 'அந்த ஆளும் இப்படித்தானே பண்ணினான்?' என்பதுதான் அவரது துப்பறியும் முறை. ஊர்வம்பு என்று நாம் ஒதுக்குவது அவருக்குத் தடயம்.

இந்த நாவலில் அதற்கே சிக்கல். உலகப்போர் முடிந்திருக்கிறது. எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் ஊரெல்லாம். கையில் ரேஷன் புத்தகம் இருக்கிறது, போட்டோ இல்லாத அடையாள அட்டை இருக்கிறது. மற்றபடி, தன்னைப் பற்றி அவரவர் சொன்னதுதான் ஊருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே யார்? கொலையாளி யார் என்பதைவிட இந்தக் கேள்விதான் அதிகம் உறுத்துகிறது.

படிக்கும்போது விளக்கு, கதவு, யார் எங்கே நின்றார் என்ற 'சும்மா' விவரங்களைத் தாண்டிப் போகாதீர்கள். கிறிஸ்டி விடையைக் கண்ணெதிரேதான் வைத்திருப்பார். கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுபவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது!

வரிசை முக்கியமா?

பெரும்பாலும் இல்லை. 'நெமிசிஸ்' (1971) படிக்கும் முன் 'எ கரீபியன் மிஸ்டரி' (1964) படித்துவிடுங்கள், போதும்.

திரையில்?

ஜோன் ஹிக்சன் நடித்த பிபிசி தொடர் (1984-1992) 12 நாவல்களையும் எடுத்திருக்கிறது. நிதானமாகப் போகும், ஆனால் மூலத்துக்கு நெருக்கம். 2004-ல் தொடங்கிய ஐடிவி தொடரில் கதையை நிறையவே மாற்றியிருக்கிறார்கள். 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் குற்றவாளியையே மாற்றிவிட்டார்கள். நாவலைப் படித்துவிட்டு, 'எனக்குத் தெரியும்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் பந்தயம் கட்டாதீர்கள்.