பிழையில் பிறந்த மின்கடத்தி

மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது ஏன்? பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தானே? அந்த நம்பிக்கையை அசைத்தது ஓர் ஆய்வகப் பிழை.

1967இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெகி ஷிரகாவா அசெட்டிலீன் வாயுவைப் பலபடியாக மாற்றும் முறையை ஆராய்ந்து வந்தார். வழக்கமாகக் கிடைப்பது கரிய தூள். ஒருநாள் அங்கு வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்டார். தூளுக்குப் பதில் வெள்ளிபோல் பளபளக்கும் படலம் உண்டாயிற்று! ஷிரகாவா அதை எறிந்துவிடவில்லை, காரணம் தேடினார். ஆயினும் உலோகம்போல் மின்னிய படலம் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தவில்லை.

பின்னர் ஆலன் மக்டையர்மிட் அவரை அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே 1976இல் ஆலன் ஹீகருடன் சேர்ந்து, படலத்தின்மீது புரோமின் ஆவியைச் செலுத்தினர். கடத்துதிறன் கோடி மடங்கு உயர்ந்தது. புரோமின் பலபடிச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. எஞ்சியவை நகர வழி பிறக்கிறது.

ஆனால் படலத்தின் நுண்ணிழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தன. 1980களில் ஷிரகாவா குழுவினர் திரவப் படிகத்தைக் கரைப்பானாக்கி, அதன் மூலக்கூறுகளைக் காந்தப் புலத்தால் வரிசைப்படுத்தினர். இழைகளும் அதே வரிசையில் வளர்ந்தன. இழையின் திசையில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்தது.

2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிழை எவருக்கும் நேரும். அதை உற்று நோக்குபவருக்கே அது பயன் தரும்.