கோதை என்னும் பெயரும் அதன் மொழிபெயர்ச்சியும்

ஒரு மொழியின் சமய நூல் பிறிதொரு மொழிக்குப் பெயருங்கால், அதன்கண் வரும் இயற்பெயர்கள் ஒலியால் மாறும். அன்றேல் பொருளால் மாறும். வடமொழியினின்று தமிழுக்கு வந்தவை பெரும்பாலும் ஒலியால் மாறியவை. வடசொல்லைத் தமிழ் எழுத்திற்கு இயைத்துக்கொள்ளல் வேண்டும் என்னும் தொல்காப்பியர் நெறியைக் கம்பர் போற்றினார். ஆகவே இலக்குவனும் வீடணனும் தோன்றினர். திருவில்லிபுத்தூரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட வில்லிபுத்தூரார், தம் பாரதத்தில் விசயன், வீமன், கன்னன் என்றே வழங்கினார். இப்பெயர்களின் வடமொழிப் பொருளை அறியாதவரும் ஆளை அறிவதில் இடர்ப்படுவதில்லை.

தமிழினின்று வடமொழிக்குச் சென்ற பெயர்களின் நிலை வேறு. ஆழ்வார்களை ஒருங்கே வணங்கும் பராசர பட்டரின் தனியனை நோக்குக. தொண்டரடிப்பொடி அங்குப் பக்தாங்கிரிரேணு ஆகிறார். தொண்டர், அடி, பொடி என்னும் மூன்று சொல்லும் வரிசை பிறழாது பெயர்ந்துள்ளன. பொய்கையார் சரசு ஆகிறார். பேயாழ்வாரோ ‘மகத்’ என்னும் பெயருடையார் என்று சுட்டப்பெறுகிறார். பேய் என்னும் சொல்லை உள்ளவாறே பெயர்க்க ஆசிரியர்க்கு மனம் வரவில்லை போலும்! மொழிபெயர்ப்பாளரின் கூச்சமும் பெயர் வரலாற்றின் ஒரு பகுதியே.

இவ்விரு வகையுள் எதிலும் முழுதும் அடங்காத பெயர் ஒன்று உண்டு. அது திருவில்லிபுத்தூரில் பிறந்த கோதையின் பெயர்.

அவர்தம் தந்தையார் பெயரை முதற்கண் காண்போம். விட்டுணுசித்தன் என்னும் வடசொல் தமிழில் விட்டுசித்தன் எனத் திரிந்தது. பெரியாழ்வார் தம் பதிகங்களின் முத்திரைப் பாட்டுகளில் அவ்வடிவையே ஆண்டார். பின்னர் வடமொழியாளரும் தெலுங்கரும் அவரைப் பாடியபோது, பெயர் வந்த வழியே திரும்பிச் சென்றது. ஒலியோ பொருளோ குறைபடவில்லை. மகளார் பெயர் அத்தகையதன்று. கோதை என்பது மாலையையும் கூந்தலையும் பெண்ணையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். திருப்பாவையின் முப்பதாம் பாட்டிலும் நாச்சியார் திருமொழியின் முத்திரைப் பாட்டுகளிலும் அவர் தம்மைக் கோதை என்றே கூறிக்கொள்கிறார். ஆண்டாள் என்னும் பெயர் அவர்தம் 173 பாசுரங்களில் யாண்டும் இல்லை. ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாகத் தக்கது கோதை என்னும் வடிவே.

இப்பெயர் வடமொழியிற் சென்று ‘கோதா’ என நின்றது. தமிழ் எழுத்தில் நோக்கின் ஐகாரம் ஆகாரமானது ஒன்றே வேறுபாடு எனத் தோன்றும். உண்மையில் முதலெழுத்தும் மாறிற்று. தமிழ்க் ககரம் வல்லோசையுடையது. வடமொழியில் நிற்பதோ ககர வருக்கத்து மூன்றாம் எழுத்து. நம் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது மறைத்துவிடுவதால், இரண்டும் ஒன்றே எனப் பலர் கொள்கின்றனர். ஈற்றின் மாற்றத்திற்குக் காரணம் தெளிவு. வடமொழி ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்பது நன்னூலார் கூறும் விதி. சீதா சீதையானாள், கங்கா கங்கையாயிற்று. இவ்விதியைத் தலைகீழாகக் கொண்டு, கோதை என்பதும் முன்னர் வடசொல்லாய் இருந்து வந்ததே என்பதுபோல ஐகாரத்தை மீண்டும் ஆகாரமாக்கினர். பிற ஆழ்வார் பெயர்களைப் பொருளால் பெயர்த்த மரபு, இப்பெயரை மட்டும் ஒலியால் கொண்டது.

ஒலி சென்றது, மாலை என்னும் பொருள் உடன் செல்லவில்லை. வெறுமையான இடத்தில் புதுப்பொருள்கள் வந்து புகுந்தன. வடமொழியில் கோதா என்பது கோதாவரியாற்றின் பெயர்களுள் ஒன்று. வேதாந்த தேசிகர் தம் கோதா துதியில், ஆண்டாளின் பெயரைத் தாங்கியதனாலேயே கோதாவரி உலகைத் தூய்மை செய்கிறது என்னும் கருத்தமையப் பாடினார். கவி என்ற வகையில் அது நயமுடையதே. எனினும் அந்நயத்தைச் சொற்பிறப்பாகக் கொண்டு, கோதா என்பதே மூலம், கோதை அதன் திரிபு என்று எழுதுவோர் உளர். முத்திரைப் பாட்டுகளை முன்வைத்து நோக்குவார்க்கு இக்கூற்று நில்லாது என்க.

கோதா என்னும் வடிவில் இழந்த பொருள் வேறொரு வாயிலாகத் தெலுங்கிற் சென்று சேர்ந்ததே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்ட கிருட்டிணதேவராயர், சிரீகாகுளத்தில் ஆந்திர விட்டுணு கனவில் ஆணையிட்டவாறு தெலுங்கில் ஒரு காப்பியம் இயற்றினார். அதன் பெயர் ஆமுக்தமால்யத. அணிந்த மாலையை அளித்தவள் என்பது அதன் பொருள். சூடிக்கொடுத்தாள் என்னும் தமிழ்ப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு இது. கோதையில் மறைந்த மாலை, நூற்பெயரில் வெளிப்படையாக நிற்கிறது. ஆக, ஒருத்திக்கே உரிய இரு பெயர்களுள் ஒன்று பொருளிழந்து ஒலி காத்தது. மற்றொன்று ஒலியிழந்து பொருள் காத்தது. அக்காப்பியத்திற்கு விட்டுணுசித்தீயம் என்று தந்தையார் பெயரால் அமைந்த பெயரும் உண்டு.

ஊர்ப்பெயரில் அரசர் வேறு நெறி கொண்டார். வடமொழியாளர் திருவில்லிபுத்தூரைத் தன்விநவ்யபுரம் ஆக்கினர். தன்வி என்பது வில்லாளி, நவ்யபுரம் என்பது புதிய ஊர். தலவரலாறோ வில்லி என்பதை ஒரு வேடனின் இயற்பெயராகக் கூறும். இயற்பெயர் மொழிபெயர்ப்பிற் பொதுப்பெயராய்க் கரைந்துவிட்டது. இராயர் விலுபுத்தூரு என்று ஒலியளவில் இயைத்துக்கொண்டார். வில்லைக் குறிக்கும் சொல் இரு மொழிக்கும் பொதுவாதலின் அவர்க்கு அது எளிதாயிற்று.

இவை ஏட்டளவில் நின்ற மாற்றங்கள் அல்ல. திருவில்லிபுத்தூரினின்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இராசபாளையம் உள்ளது. அங்கு வாழும் இராசுக்களின் தாய்மொழி தெலுங்கு. அவர்தம் முன்னோர் ஆந்திர நாட்டினின்று வந்தவர் என்பது மரபு. கோதை பிறந்த ஊரும் தெலுங்கு வழங்கும் ஊரும் இவ்வளவு அணித்தாய் அமைந்திருக்க, பாசுரத்தையும் ஆமுக்தமால்யதவையும் மூலமொழிகளிலேயே ஒப்புநோக்கும் ஆய்வுகள் இன்னும் பெருகாமை வியப்பிற்குரியது. கோதை, கோதைநாயகி என நாம் பெயரிடுகிறோம். தெலுங்கர் கோதாதேவி என்பர். நாச்சியார் என்னும் சொல்லும் தெலுங்கில் நாஞ்சாரி எனத் திரிந்து, நாஞ்சாரம்மா என மகளிர் பெயராய் வழங்குகிறது.

ஆமுக்தமால்யதவின் கிளைக்கதை ஒன்றில் பெயர்மாற்றம் இன்னும் ஆழமானது. திருக்குறுங்குடி இறைவனைப் பண்ணிசைத்துப் பாடச் சென்ற பாணர் ஒருவர், வழியில் பிரமராக்கதனிடம் அகப்பட்டு, பாடி முடித்துத் திரும்பிவருவதாக வாக்களித்து, அவ்வாறே மீண்டு வந்த கதை அது. வராக புராணத்தைச் சார்ந்த கைசிக மான்மியத்தில் அவர் குலத்தாற் சண்டாளர் என்றே சுட்டப்பெறுகிறார். தமிழ் வைணவ மரபு அவரை நம்பாடுவான் என்கிறது. ‘நம்’ என்று உரிமை கொண்டாடுபவன் இறைவன். தெலுங்குக் காப்பியத்தில் அவர் மாலதாசரி. தாசரி என்பது திருமாலடியாரைக் குறிக்கும். மால என்பதோ குலப்பெயர். அடிமைத்திறத்தை ஏற்ற கவிஞர், குலத்தையும் பெயரினின்று நீக்கவில்லை. ஒரே மனிதர் ஒரு நூலிற் குலமாகவும், ஒரு மரபில் இறைவனின் பாடகராகவும், மற்றொன்றில் இரண்டுமாகவும் நிற்கிறார். பெயரடைவு தொகுப்போர் நம்பாடுவான் என்பதன்கீழ் மாலதாசரி என்பதைச் சுட்டி அமைவதோடு நில்லாமல், இவ்வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும். 1999-இல் மீட்டெடுக்கப்பெற்றுத் திருக்குறுங்குடிக் கோயிலில் கைசிக ஏகாதசி இரவில் நடிக்கப்பெறும் கைசிக நாடகத்தில் அவர் மேடையேறுவது நம்பாடுவான் என்னும் பெயரோடுதான்.