பரிசில் மறுத்தவர்களும் பங்கு கேட்டவர்களும்

இவ்வாண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை, நம்மிடம் மொழிப்பாடத் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஊர், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டு. வணிகவியல் பட்டம் பெற்றவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒரு நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம் அவர் கையில் இருந்தது. நேர்காணலில் மாதம் 18,000 ரூபாய் என்று பேச்சு. கடிதத்தில் இருந்ததோ 13,500.

"திரும்பக் கேக்கலாங்களா ஐயா? கேட்டா வேற ஆள எடுத்துக்குவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

அவருடைய தாயார் கரையில் மீன் ஏலம் எடுத்து ஊர் ஊராகக் கொண்டு விற்பவர். விடியற்காலையில் ஏலக்காரர் கூறும் முதல் விலையை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை. "கேக்கறதுல என்னடா வெக்கம்?" என்று மகனைக் கடிந்திருக்கிறார். "மீனுக்குக் கேக்கலாம்மா. எனக்கு நானே எப்பிடிக் கேக்கறது?" என்பது மகனின் மறுமொழி.

அந்த மறுமொழி நம்மைப் பல நாள் விடவில்லை. தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வது எப்படி? சொன்ன விலை படியாதபோது என்ன செய்வது? இவை இன்றைய அலுவலகங்களில் பிறந்த வினாக்கள் அல்ல. நம் இலக்கியத்திலும், பாகூரின் செப்பேட்டிலும், புதுச்சேரி ஆலைகளின் வாயிலிலும் இவற்றுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன.

கேட்பதற்கு ஓர் இலக்கணம்

தமக்காகத் தாமே கேட்டவர்களில் நாம் நன்கு அறிந்தவர்கள் சங்கப் புலவர்கள். பரிசில் வேண்டி வாயிலில் நிற்பதும், பெற்றபின் விடைகொள்வதும் தொல்காப்பியப் புறத்திணையியலில் பாடாண் திணையின் துறைகளாக எண்ணப்பட்டுள்ளன. புறநானூற்றுத் துறைக்குறிப்புகளில் 'பரிசில் கடாநிலை' என்ற பெயரைப் பல இடங்களில் காண்கிறோம். கேட்பது இழிவென்று ஒதுக்கப்பட்டிருந்தால் அதற்கென ஒரு துறை தோன்றியிராது.

கேட்டது கிடைக்காதபோதும், கிடைத்தது தகாதபோதும் பாடப்பட்ட பாடல்கள் 205 முதல் சில எண்கள்வரை அடுத்தடுத்து நிற்கின்றன. தொகுத்தவர்கள் இவற்றை ஓரினமாகவே கருதியிருக்க வேண்டும். பாடல்களின் கீழுள்ள குறிப்புகள் பிற்காலத்தவை. அவற்றை முழு வரலாறாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த நாள்முதல் அக்குறிப்புகளின் துணைகொண்டே இப்பாடல்களை நாம் படித்துவருகிறோம்.

அவற்றுள் பெருஞ்சித்திரனாரின் வரலாறு நம் மாணவரின் நிலைக்கு மிக நெருக்கமானது. வெளிமானிடம் அவர் பரிசில் நாடிச் சென்றார். வெளிமான் தன் தம்பி இளவெளிமானிடம் பரிசில் கொடுக்குமாறு பணித்துத் துஞ்சினான். தம்பி கொடுத்தது சிறிது. புலவர் அதைக் கொள்ளாமல் வெளியேறித் தம் நெஞ்சை நோக்கிப் பாடியது 207ஆம் பாடல். உலகம் பெரிது, விரும்பி ஏற்பவர் பலர், முகம் மாறித் தருவதற்காக ஏன் நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. பின்பு குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்றார். அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு 162ஆம் பாடலைப் பாடினார். கொடுப்பவன் நீ ஒருவன் மட்டும் அல்லன் என்பதை யானையையே சான்றாக நிறுத்திச் சொன்ன பாடல் அது.

இந்நிகழ்ச்சியைப் புலவர் செருக்கின் அடையாளமாகக் காட்டுவது மேடை வழக்கம். அதே புலவரின் ஏனைய பாடல்களை உடன்வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். 159, 160ஆம் பாடல்களில் அவர் வீட்டு அடுப்படியே நம் முன் விரிகிறது. கோலூன்றியும் முற்றம் கடக்க மாட்டாத தாய், குப்பைக் கீரையின் இளந்தளிரை உப்பின்றி வேகவைக்கும் மனைவி, வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் மகன், அவனுக்குப் புலியையும் நிலவையும் காட்டிப் பசியை மறக்கச் செய்ய முயலும் அன்னை. இத்தகைய வீட்டிலிருந்து புறப்பட்டவர்தான் இளவெளிமான் தந்ததை வேண்டாமென்று விட்டு வந்தார். பசியில்லாதவன் மறுப்பதற்கும் இதற்கும் தொலைவு மிகுதி.

அப்படியானால் அவர் மறுத்தது தொகையின் சிறுமையையா? இல்லை. மனமின்றி விடும் பரிசில் கொல்களிறே ஆயினும் கொள்ளேன், மகிழ்ந்து தந்தால் குன்றிமணி அளவையும் கொள்வேன் என்று குமணனிடமே 159இல் கூறுகிறார். அதியமான் நெடுமானஞ்சி அவரைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பியபோது, தாம் வணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்று மறுக்கிறார் (208). தம் தகுதியின் அளவை அறிந்து தருவதானால் தினையளவும் இனிது என்பது அங்கே அவர் வாதம். குன்றியும் தினையும் சிறியவை. அவற்றை ஏற்கச் சித்தமாக இருந்தவர் கேட்டது, தம்மை அளந்து பார்க்கும் ஒரு கண்ணை.

இந்த வழி சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தம் ஆண்டுச் சம்பளம் 20 பவுன் மட்டுமே என்று குறிப்பிடுகிறார். தம் கணிதத்தின் அளவை அறியவல்ல ஒருவரைத் தேடிய கடிதம் அது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித் தொகை அளித்தது.

ஆனால் இவ்வழியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று ஔவையார் பாடிய 206ஆம் பாடல், கைத்தொழில் வல்ல தச்சனின் மக்கள் மழுவோடு காட்டுக்குள் போவதை உவமை காட்டி, எத்திசை சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்கிறது. அந்த உவமையில் காடு இருக்கிறது. வேந்தரும் வேளிரும் புகழுக்காகப் போட்டியிட்ட காலத்தில் புலவருக்கு இன்னொரு வாயில் இருந்தது. இராமானுஜனுக்கும் ஒரு கேம்பிரிட்ஜ் கிடைத்தது. இன்னொரு வாயில் இல்லாதவர் எதைக் கட்டி நிறுத்துவது?

செம்பிலும் கல்லிலும் எழுதிய ஊதியம்

பனித்திட்டிலிருந்து மேற்கே சிறிது தொலைவில் உள்ள பாகூரில் இரண்டாவது விடை கிடைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இயங்கிய வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அங்கே கற்பித்தவர்களின் வாழ்வு ஒரு மன்னனின் அன்றைய மனநிலையைச் சார்ந்திருக்கவில்லை. ஊர்களின் வருவாய் அதைத் தாங்கியது.

இதே புதுச்சேரி நாட்டுப்புறத்தில் உள்ள திருபுவனையில், முதலாம் இராஜாதிராஜனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் குறிக்கிறது. முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டிலோ 340 மாணவரும் 14 ஆசிரியரும் காணப்படுகின்றனர். எந்தப் பாடம் நடத்துபவருக்கு நாள்தோறும் எவ்வளவு நெல் என்பது அக்கல்லில் வகுத்து எழுதப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்கும் மரக்காலின் பெயர் ஆடவல்லான். ஒருவர் இறந்தாலோ அகன்றாலோ அப்பங்கு யாருக்குச் செல்ல வேண்டும் என்பதும் எழுதப்பட்டுள்ளது.

இங்கே பேரத்துக்கு இடமில்லை, முகமாற்றத்துக்கும் இடமில்லை. வாசிக்கத் தெரிந்த எவரும் கல்லைக் காட்டிக் கேட்கலாம். ஊதியம் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதே உழைப்பவருக்கு ஒரு காப்பு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் காப்புக்குள் வந்தவர் சிலர். அந்த நெல்லை விளைவித்தவர்களின் கூலியை எந்தக் கல்லும் இப்படிப் பெயர் சொல்லி வகுக்கவில்லை.

ஆலை வாயில்

அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் பிற்காலத்தில் புதுச்சேரிப் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். சவானா, ரோடியர், கெப்ளே ஆகியவை அன்றைய மூன்று பெரிய ஆலைகள். எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளின் வேலை நேரத்தை 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 54 மணியாக வரையறுத்திருந்தது. பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்கு அந்தக் காப்பும் இல்லை. தனியாகச் சென்று கூலி உயர்த்தக் கேட்டவனுக்கு வாயிலில் காத்திருக்கும் அடுத்த ஆளைக் காட்டினால் போதும். நம் மாணவரின் அச்சமும் இதுவே.

எனவே அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டார்கள். 1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கிய வ.சுப்பையா அந்த இயக்கத்தின் முதன்மைத் தலைவர். கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை கோரிக்கைகள். 1936 ஜூன் மாதம் பாரிசில் மத்தீன்யோன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அம்மாதமே வாரம் நாற்பது மணி நேர வேலைச் சட்டமும் அங்கே நிறைவேறியது. அதே குடியரசின் கொடி பறந்த புதுச்சேரியில், அடுத்த மாதம் 30ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் மாண்டனர். 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. ஜூலை 30 புதுச்சேரியில் இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த ஆலைகள் இன்று இயங்கவில்லை; எட்டு மணி நேரம் நிலைத்துவிட்டது. கணினியின் முன் அமரப் போகும் நம் மாணவரின் கடிதத்திலும் 'நாள் ஒன்றுக்கு எட்டு மணி' என்ற வரி இருந்தது. அது யார் கேட்டு வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குறை அவருடையதன்று; நாம் வகுப்பில் சொன்னதில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன், முதுகலை முடித்த கையோடு ஒரு தனியார் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்தோம். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையொப்பம். கைக்கு வந்தது அதில் பாதிக்கும் சற்று மேல். முதல் மாதச் சம்பளம் வாங்கிய அன்று காலை வகுப்பில் நடத்திய பாடல் புறம் 208. அளவறிந்து தராததைக் கொள்ளாத புலவரைப் பற்றி ஒரு மணி நேரம் உரக்கப் பேசிவிட்டு, பிற்பகலில் அலுவலக அறைக்குச் சென்று, வாய் திறவாமல் கையொப்பமிட்டு வந்தோம். உடன் பணியாற்றிய பதினோரு பேரும் அவ்வாறே செய்தனர். எவர் எவ்வளவு பெறுகிறார் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. கல்லில் எழுதியதும் இல்லை, சேர்ந்து கேட்டதும் இல்லை, தனித்து மறுத்ததும் இல்லை. அந்த நாளை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

மாணவரிடம் அன்று மாலை இதையும் சொன்னோம். பிறகு இருவரும் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். நேர்காணலில் பேசப்பட்ட தொகை, தம் படிப்பும் பயிற்சியும், அவ்வேலைக்குப் பிற இடங்களில் தாம் விசாரித்து அறிந்த சம்பளம், இவை பணிவாக ஒரே பக்கத்தில். முழுத் தொகையும் இயலாதெனில் எப்போது மறுபரிசீலனை என்பதை எழுத்தில் தருமாறு கடைசி வரி. "யானை கட்டுற அளவுக்கு நமக்கு வசதி இல்ல ஐயா" என்று சிரித்தார்.

எட்டாம் நாள் மறுமொழி வந்தது. 15,000, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை, இரண்டும் எழுத்தில். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. வேலையும் போகவில்லை. அவர் சேர்ந்துவிட்டார்.

சென்ற வாரம் கிருமாம்பாக்கத்தில் பேருந்துக்கு நின்றபோது அவருடைய தாயாரைக் கண்டோம். கூடை காலியாக இருந்தது. மகன் எப்படி என்று வினவினோம். "மார்கழியில ஆறு மாசம் முடியுதாம். அதுக்குக் குடுக்கற லெட்டர இப்பவே எழுதி வச்சிட்டான்" என்றார்.