ராணிகேத்தும் நம்மூர் வெள்ளைக் கழிச்சலும்

டெல்லிப் பக்கம் பிழைக்க வந்த நம் ஆட்கள் கோடையில் குடும்பத்தோடு போகும் மலையூர்களில் ராணிகேத்தும் ஒன்று. எனக்கு அந்தப் பெயர் ஊரில், கால்நடை மருந்தகப் பலகையிலேயே பழக்கம்: 'ராணிகேத் நோய்'. அட, இதே ஊர்தானா என்று தேடிப் படித்தேன்.

நம் வெள்ளைக் கழிச்சல்தான் அது. 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த வைரஸ் கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. உலகத்துக்கு அது நியூகாசில் நோய். ராணிகேத்தில் கண்டதை 1928ல் பதிவு செய்தவர் எட்வர்ட்ஸ், அதே குமாவுன் மலையில் இருக்கும் முக்தேஸ்வர் கால்நடை ஆய்வு நிலையத்துக்காரர். ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

தடுப்பூசியும் முக்தேஸ்வரில்தான் பிறந்தது. 1940களில் வைரஸைக் கருமுட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள்.

நோய் வந்தபின் மருந்து இல்லை. முன்கூட்டியே ஊசி போட்டால்தான் உண்டு. பண்ணைக்காரர்கள் போட்டுவிடுகிறார்கள். விட்டுப்போவது பத்துக் கோழி வளர்க்கும் வீடுதான். மருந்துக் குப்பி நூறு கோழிக் கணக்கில் வருகிறது. கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். தெருவே சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஊரில் அம்மாவோ அத்தையோ கோழி வளர்க்கிறார்களா? அடுத்த முறை போன் பேசும்போது, "ஊசி போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.