கான்கிரீட் கட்டி நீச்சல் குளச் சுவர்

உள்ளீடற்ற கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, அவற்றின் துளைகளில் இரும்புக் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பிக் கட்டும் சுவர், வீட்டு நீச்சல் குளங்களின் சுவர் வகைகளுள் ஒன்றாகும். இக்கட்டி தமிழ்நாட்டில் ஹாலோ பிளாக் என வழங்கப்படுகிறது. வீட்டுச் சுவருக்காக அமெரிக்காவில் பரவிய இக்கட்டி, கம்பியுடன் சேர்ந்த பிறகே குளத்தைத் தாங்கும் வலிமை பெற்றது. அந்தச் சேர்க்கைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பட்டறிவும், உயிர்களைப் பலி கொண்ட ஒரு நிலநடுக்கமும் பின்னணியாக உள்ளன.

சுவரின் மீதுள்ள விசைகள்

வீட்டுச் சுவர் பெரும்பாலும் மேலிருந்து வரும் சுமையைத் தாங்குகிறது. குளச் சுவரோ பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழ நீர், ஒரு மீட்டர் நீளச் சுவரை ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். ஆழம் இரண்டு மீட்டரானால் இவ்விசை 2,000 கிலோவாகிறது. சுவரை அடியோடு சாய்க்க முயலும் திருப்பம் எட்டு மடங்காகிறது. ஆழம் சிறிது கூடினாலும் சுவரின் வேலை பெரிதும் கூடுவதற்கு இதுவே காரணம்.

நிலத்துக்குள் அமைந்த குளத்தில் விசை இரு திசைகளிலிருந்து வருகிறது. குளம் நிறைந்திருக்கும்போது நீர் வெளியே தள்ளுகிறது. சுற்றியுள்ள மண் அதற்கு எதிர்நிற்கிறது. குளம் வெறுமையாகும்போது மண்ணும் நிலத்தடி நீரும் உள்நோக்கித் தள்ளுகின்றன. அப்போது எதிர்நிற்க எதுவும் இல்லை. கட்டியும் சாந்தும் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்கா. வளையும் சுவரின் ஒரு முகம் எப்போதும் இழுபடுவதால், வெறும் கட்டிச் சுவர் அங்கே விரிசல் விடுகிறது.

பழைய முன்மாதிரி

கசிவைத் தடுக்கும் வழியை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்தனர். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. நெருக்கமாக அடுக்கிய சுட்ட செங்கற்கள் ஜிப்சம் சாந்தால் இணைக்கப்பட்டன. உட்சுவருக்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் இடையே நிலக்கீல் படலம் பூசப்பட்டது. சுமையைத் தாங்குவது சுவரின் வேலை, நீரைத் தடுப்பது படலத்தின் வேலை என்ற பகுப்பு அங்கே தெளிவாகத் தெரிகிறது. இன்றைய குளங்களும் இதே பகுப்பைப் பின்பற்றுகின்றன.

கட்டியின் தோற்றம்

இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்ட் மலிவானதும் அதை அச்சில் வார்த்துக் கட்டிகளாக்கும் முயற்சிகள் பெருகின. முழுக் கட்டிகள் தூக்க முடியாத எடை கொண்டிருந்தன. அமெரிக்கரான ஹார்மன் பால்மர், நடுவில் துளை விழும்படி வார்க்கும் இயந்திரத்தை 1900ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். துளையால் எடையும் சிமெண்ட் செலவும் குறைந்தன. சிறு இயந்திரங்கள் அஞ்சல்வழி விற்பனைக்கு வந்ததால் உழவர்களும் கொத்தனார்களும் கட்டிகளைத் தாமே வார்த்தனர்.

1917இல் பிரான்சிஸ் ஸ்ட்ராப், நிலக்கரிச் சாம்பல் கட்டிகளைக் கலந்த எடை குறைந்த கட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அதிர்வூட்டி வார்க்கும் இயந்திரங்கள் வந்ததும் கட்டியின் அளவும் உறுதியும் சீரடைந்தன. சாந்து இணைப்பையும் சேர்த்து 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 8 அங்குல அகலம் என்பது அமெரிக்காவில் வழக்கமான அளவாயிற்று.

கம்பி சேர்ந்த வரலாறு

எடையைக் குறைக்கப் பிறந்த துளை, பின்னாளில் கம்பிக்கு இடமளித்தது. கட்டுமானத்தில் இரும்பைச் சேர்க்கும் எண்ணம் கட்டியைவிடப் பழையது. தேம்ஸ் சுரங்கப் பாதைக்காக 1825இல் மார்க் புருனெல் லண்டனில் 50 அடி விட்டமுள்ள செங்கல் கிணற்றைக் கட்டி மண்ணுக்குள் இறக்கினார். அதன் சுவரில் இரும்புத் தண்டுகளும் பட்டைகளும் பதிக்கப்பட்டிருந்தன. இந்தியாவில் கம்பியிட்ட செங்கல் வேலை பற்றிப் பொறியாளர் ஏ. பிரெப்னர் செய்த சோதனைகள் 1923இல் பொதுப்பணித் துறை வெளியீடாக வந்தன.

ஆயினும் கம்பியில்லாச் சுவர்களே எங்கும் மிகுந்திருந்தன. 1933 மார்ச் 10 மாலையில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கம்பியில்லாச் செங்கல் பள்ளிகள் பல இடிந்தன. பள்ளி முடிந்த நேரமாதலால் பெரும் எண்ணிக்கையில் குழந்தைகள் தப்பினர். ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்டு சட்டம் நிறைவேறியது. பக்கவாட்டு விசையைத் தாங்க, துளைகளில் கம்பியும் கான்கிரீட்டும் இட்ட கட்டுமானம் அதன்பின் அங்கே வளர்ந்தது. நிலநடுக்கத்துக்காக வளர்ந்த இந்த முறை, நீரும் மண்ணும் பக்கவாட்டில் தள்ளும் குளச் சுவருக்கும் பொருந்தியது.

வீட்டுக் குளங்களில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் வீட்டுக் குளங்கள் பெருகின. அப்போது கட்டிக்கு வலிய போட்டியாக இருந்தது கனைட் எனப்படும் பீய்ச்சுக் கான்கிரீட். சிகாகோ அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்தவரான கார்ல் அக்லி உருவாக்கிய சிமெண்ட் துப்பாக்கியிலிருந்து இது பிறந்தது. அவர் 1911இல் காப்புரிமை பெற்றார். கம்பி வலையின் மீது பீய்ச்சி எந்த வளைவையும் இணைப்பின்றி அமைக்கலாம் என்பதால் கலிபோர்னியாவில் இது மேலோங்கியது.

பீய்ச்சும் வேலைக்கு இயந்திரமும் பயிற்சி பெற்ற குழுவும் தேவை. கட்டிச் சுவருக்குக் கொத்தனாரும் உதவியாளரும் போதும். எனவே நேர்கோட்டு வடிவச் சிறு குளங்களில் கட்டி நிலைத்தது. வால்டோ சீமன் 1926இல் நெகிழும் வினைல் பிளாஸ்டிக்கை உருவாக்கியிருந்தார். அதைக் குளத்தின் உள்விரிப்பாக்கும் வழக்கம் பின்னர் வந்தது. மொகஞ்சதாரோவின் நிலக்கீல் செய்த வேலையை இப்போது வினைல் செய்தது.

கட்டும் முறை

கம்பிகள் மேலே நீண்டு நிற்கும்படி அடித்தளக் கான்கிரீட் முதலில் இடப்படுகிறது. இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமலும், துளைகள் மட்டும் நேராக வரும்படியும் கட்டிகள் அடுக்கப்படுகின்றன. கிடைக்கம்பிகளும் இடையிடையே பதிக்கப்படுகின்றன. துளைகளில் ஊற்றும் கான்கிரீட்டைக் குத்திவிட்டு, காற்றிடம் இல்லாமல் செய்வது முக்கியம். வெற்றிடம் உள்ள இடத்தில் கம்பி சுவரோடு பிணையாது. சுவரின் தலையில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் இடப்படுகிறது. கான்கிரீட் இறுகிய பிறகே பின்புறம் மண் நிரப்ப வேண்டும். நீர் தேங்காதபடி அங்கே சரளையும் வடிகுழாயும் வைக்கப்படுகின்றன. கட்டி நீரை உறிஞ்சும் தன்மையது என்பதால் உட்புறத்தில் நீர்காப்புப் பூச்சோ உள்விரிப்போ கட்டாயமாகும்.

வெறுமைக் குளத்தின் ஆபத்து

குளம் நிறைந்திருக்கும்போதுதான் சுவருக்கு ஆபத்து என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நிலத்துக்குள் கட்டிய குளத்தில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. மழைக்காலத்தில் தூய்மைப்பணிக்காக நீரை இறைத்துவிட்டால், ஈர மண் சுவரை உள்ளே தள்ளும். உயர்ந்த நிலத்தடி நீர் தரையையும் மேலே தூக்கும். இதற்காகவே குளத்தின் அடியில் அழுத்தம் தணிக்கும் வால்வு வைக்கப்படுகிறது. நீரை முற்றிலும் இறைக்கும் வேலையை நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் காலத்தில் செய்வதே பாதுகாப்பானது.