தணிகையும் தணிதலும்: திருத்தணிகைப் பனுவல்களில் காமம் கடத்தல்

ஆய்வுச் சுருக்கம்

திருத்தணிகை முருகன் வள்ளி மணாளன். துறவுக் கோலத்தவன் அல்லன். ஆயினும் அத்தலத்தின்மீது பாடப்பெற்ற திருப்புகழ்ப் பாடல்களும் இராமலிங்க அடிகளின் பதிகங்களும் காமத்தினின்று விடுதலை வேண்டுவதைத் தம் மையப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளன. இம்முரணை ஆராயும் இக்கட்டுரை, இப்பனுவல்களில் பேசும் ‘நான்’ யார் என்னும் வினாவை முதன்மைப்படுத்துகிறது. அவ்வினாவிற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே பெண் பற்றிய இப்பாடல்களின் நோக்கும் மாறுபடுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திருத்தணிகை, பிரமசரியம், அருணகிரிநாதர், இராமலிங்க அடிகள், கச்சியப்ப முனிவர், வள்ளி.

முன்னுரை

முருக வழிபாட்டில் பிரமசரியம் ஒரே தன்மையதாக இல்லை. அரியானா மாநிலத்துப் பெஹோவாவில் உள்ள கார்த்திகேயர் கோயிலில் பெண்கள் வழிபட இயலாத மரபு உண்டு. இறைவன் பிரமசாரி என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இத்தனைக்கும் மகாபாரதத்தின் வனபருவம் கந்தன் தேவசேனையை மணந்ததைக் கூறுகிறது. தெற்கே பழநியில் அவன் ஆண்டிக் கோலத்தான். வேங்கடத்தின் அணுக்கத்தில், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும்வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிகையிலோ அவன் வள்ளியை மணந்து வந்து அமர்ந்தவன்.

இறைவனின் பிரமசரியம் பெண்ணின் வழிபாட்டுரிமையோடு எவ்வாறு பிணைக்கப்படுகிறது என்பதைச் சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதனையொட்டி எழுந்த விவாதங்களும் வெளிப்படையாக்கின. திருத்தணிகையில் நிலைமை நேர்மாறானது. இங்கு இறைவனுக்குப் பிரமசரியம் இல்லை. அடியவனே அதனை வேண்டுகிறான். வள்ளியைத் தழுவிய இறைவனிடம் சென்று, மகளிர் மயலினின்று என்னை விடுவி என்று ஏன் வேண்ட வேண்டும்?

தணிதல் என்னும் சொல்

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தில் தலப்பெயருக்கு விளக்கம் தருகிறது. சூரரோடும் பின்னர் வேடரோடும் நிகழ்ந்த செருவால் எழுந்த சினம் தணிந்த இடம் ஆதலின் இது செருத்தணி. வழிபாட்டு நடைமுறையும் இவ்விளக்கத்தை ஏற்றுள்ளது. கந்தசட்டியில் ஏனைய முருகன் தலங்களில் சூரசங்காரம் நடைபெற, இங்கு அது நிகழ்வதில்லை. மலர் வழிபாடே நடைபெறுகிறது. போர் முடிந்த இடத்தில் போரை மீண்டும் நடத்திக் காட்ட இடமில்லை போலும்.

தணிவது சினம் எனப் புராணம் கூறினும், அத்தணிவு வள்ளி உடனிருக்கையில் நிகழ்கிறது என்பதைக் கருத வேண்டும். திருக்குறள் துறவறவியலில் ‘அவா அறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தது. அறுத்தல் வேறு, தணிதல் வேறு. தீ, வெப்பம், நோய், தாகம் ஆகியவற்றிற்கே தணிதல் என்னும் வினையை வழங்குகிறோம். தணிந்தது இல்லாமற் போவதில்லை; துன்புறுத்துவதை நிறுத்துகிறது. சைவ மரபு வள்ளியை இச்சா சத்தி எனக் கொள்வதும் இதனோடு இயைந்ததே. இச்சையை இறைவனின் ஆற்றலாகக் கண்ட சமயம் அதனை வேரொடு களைதலைக் குறிக்கோளாகக் கொள்ளுதல் எளிதன்று.

வேறொரு நெறியும் இவ்வட்டாரத்தில் நிலவியதுண்டு. வள்ளி பிறந்து வளர்ந்த இடமெனக் கருதப்படும் வள்ளிமலையிலேயே, 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டோடு கூடிய சமணக் குகைத்தளமும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. முற்றத் துறந்த சமண முனிவரின் மலையும் களவு மணத்தின் மலையும் ஒன்றே.

திருப்புகழின் இரு பாதிகள்

அருணகிரிநாதர் பிரபுடதேவராயனைக் குறிப்பிடுவதைக் கொண்டு அவர்தம் காலம் 15ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாடல்கள் 1300க்கு மேற்பட்டவை. அவற்றுள் திருத்தணிகைக்கு உரியவை 60க்கும் மேல். இவற்றுட் பல ஒரே கட்டமைப்பின. முற்பாதி பொதுமகளிரின் கூந்தலையும் விழியையும் கொங்கையையும், பொருள் பறிக்கும் அவர்தம் சூழ்ச்சிகளையும் விரித்துரைக்கிறது. இடையில் ஒரு வேண்டுகோள்: இம்மயலில் அழியாது உன் திருவடி தருவாய். பிற்பாதி முருகனின் வீரத்தையும் தலத்தின் வளத்தையும் போற்றி, பல இடங்களில் வள்ளியைத் தழுவிய தோள்களைப் பாடி நிறைவுறுகிறது.

முற்பாதியில் இழிக்கப்பட்ட உறுப்பு வருணனையே பிற்பாதியில் வள்ளிக்கு ஆகும்போது புகழ்ச்சியாகிறது என்பதை உரையாசிரியர்கள் பெரும்பாலும் விளக்காது கடந்துவிடுகின்றனர். சந்தமும் சொற்றொகுதியும் மாறுவதில்லை. மாறுவது, பொருள் கொடுத்துப் பெறும் உறவா, இரந்து பெறும் உறவா என்பதே. பரத்தையிடம் செல்பவன் பொருளோடு செல்கிறான். முருகனோ தினைப்புனத்திற்கு வேடனாகவும் வேங்கையாகவும் கிழவனாகவும் வடிவு மாறிச் சென்று இரந்து நிற்கிறான். குறமகளின் அடி வருடுபவனாகவும் திருப்புகழ் அவனைக் காட்டுகிறது. ஆகவே, இப்பாடல்கள் காமத்தை வெறுத்து ஒதுக்கின என்பதினும், விலைக்குரிய காமத்தினின்று பணிதற்குரிய காதலுக்கு வேட்கையைத் திசைதிருப்பின என்பதே பொருந்தும்.

சிவனின் தவத்தையும் காமத்தையும் ஒன்றன் இரு நிலைகளாகக் கண்டு வெண்டி டானிகர் 1973இல் எழுதிய நூல் இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் அவர் ஆய்ந்தது தெய்வத்திற்குள் உள்ள முரணை. திருப்புகழில் அம்முரண் அடியவனுக்கும் தெய்வத்திற்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது.

பேசும் ‘நான்’ யார்?

அருணகிரிநாதர் இளமையில் பரத்தையரோடு திரிந்து, பொருளும் உடல்நலமும் இழந்து, திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று குதித்தபோது முருகனால் தாங்கப்பெற்றார் என்பது பரவலாக அறியப்பட்ட வரலாறு. டி.எம். சௌந்தரராசன் நடித்த 1964ஆம் ஆண்டுத் திரைப்படம் இதனை மேலும் பரப்பியது. இக்கதைக்குச் சான்றாகக் காட்டப்படுபவை பெரிதும் பாடல்களே. ‘நான்’ மகளிர் வலையில் வீழ்ந்தேன் எனப் பாடல் கூறுவதால் புலவர் வீழ்ந்தார் என்பது முடிபு. திருப்புகழ் ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் பணியும், அவர் மகனார் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளையின் உரைப்பணியும் இல்லையேல் இன்று இப்பாடல்கள் குறித்துப் பேசவே இயலாது. ஆயினும் அகச்சான்று கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதும் அத்தலைமுறையினரின் முறையியலை நாம் மீளாய்வு செய்தாக வேண்டும்.

மீளாய்விற்கு அதே மலையில் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. இராமலிங்க அடிகள் (1823–1874) சென்னையில் வாழ்ந்த இளமைக்காலத்தில் கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டதாக அவர் வரலாறு கூறும். அவர்தம் திருத்தணிகைப் பதிகங்கள் 1880இல் வெளிவந்த ஐந்தாம் திருமுறையில் இடம்பெற்றன. அவற்றிலும் ‘நான்’ மாதர் மயலில் உழன்றதாகப் புலம்புகிறது. தன்னைக் கடையவன் எனப் பழித்துக்கொள்கிறது. ஆனால் எவரும் அதனை வாழ்க்கைச் செய்தியாகக் கொள்வதில்லை. தமக்கை மகளை மணந்தும் இல்லறத்தில் ஈடுபடாதவர் என்றே அவரை மரபு போற்றுகிறது. அவருடைய ‘நான்’ உலகியலாரின் குற்றங்களைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட கருணை என விளக்கம் பெறுகிறது.

ஒரே தலம், ஒரே வகை வாக்குமூலம். ஒருவருடையது சுயசரிதை, மற்றவருடையது மரபுவழிக் கூற்று என்றால் அவ்வேறுபாட்டிற்குப் பாடலில் சான்று வேண்டும். அத்தகைய சான்று இக்கட்டுரையாளருக்குப் புலப்படவில்லை. உண்மையில் இருவருக்கும் முன்பே இக்கூற்று மரபாகிவிட்டது. திருமந்திரத்தின் முதல் தந்திரம் ‘மகளிர் இழிவு’ பேசுகிறது. அதே நூலின் மூன்றாம் தந்திரம் பரியங்கயோகம் பேசுகிறது. அடிகளின் தணிகைப் பதிகங்களுக்கு அமைந்த தலைப்புகளையே நோக்கலாம்: ‘ஆற்றா விரகம்’, ‘கூடல் விழைதல்’, ‘தரிசன வேட்கை’. மகளிர் வேட்கையினின்று மீள விழையும் குரல், அகத்திணைத் தலைவியின் சொற்களையே இறைவனை நோக்கிப் பயன்படுத்துகிறது. இங்கும் நிகழ்வது வேட்கையின் அழிவன்று, அதன் இடமாற்றம்.

துறவி எழுதிய களவு

திருத்தணிகையில் பிறந்தவராகப் போற்றப்படும் கச்சியப்ப முனிவர் (மறைவு 1790) திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவி. சிவஞான முனிவரின் மாணாக்கர். மடத்தில் காவி ஏற்றவர்க்கு இல்லறம் இல்லை. அத்தகையவர் தணிகைப் புராணத்தில் வள்ளி முருகன் காதலை ‘களவுப் படலம்’ என அமைத்து, அகப்பொருள் துறைகளை முறையே நிரப்பிப் பாடினார். இதனைப் புலமை விளையாட்டு எனக் கருதுவோர் உளர். இலக்கண விளக்கத்திற்குக் கண்டன நூல் எழுந்த சிவஞான முனிவரின் வட்டத்தில் அகப்பொருட் புலமையைக் காட்டும் ஆர்வம் இருந்திருத்தல் இயல்பே. எனினும் துறவுக்கும் களவுக்கும் பகை இல்லை என்ற துணிவு இருந்தாலன்றி ஒரு தம்பிரான் தம் தலபுராணத்தின் சுவைமிக்க பகுதியைக் களவுக்கு ஒதுக்கியிரார்.

பழி இன்றியும் துறக்கலாம்

இப்பனுவல்களில் ஒன்று மட்டும் தணியவில்லை: பெண்மீதான பழி. வேட்கை ஆணினுடையதாக இருக்க, வலை விரித்தவள் பெண் என்றே முற்பாதிகள் கூறுகின்றன. காமம் கடத்தலுக்கு இப்பழிப்பு இன்றியமையாததா? திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காடு இல்லை என்கிறது. கணவன் பிரிந்து வேறு மணம் செய்துகொண்டதை அறிந்தபின், அவன் பொருட்டுத் தாங்கிய உடல் வனப்பை உதறிப் பேயுரு வேண்டியவர் காரைக்கால் அம்மையார் எனப் பெரியபுராணம் கூறும். அற்புதத் திருவந்தாதியிலோ திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களிலோ ஆண்மக்களைப் பழிக்கும் போக்கு இல்லை. தம்மைக் கைவிட்டவனைக்கூட அவர் பாடுபொருளாக்கவில்லை. உடலை இழித்துக் காட்டும் இடங்களில் அவர் காட்டுவது பேயின் உடலை. பேயாகித் தாம் ஏற்ற உடலையும் அதனின்று பிரித்தறிய இயலாது.

திருப்புகழை மந்திரமாக ஏற்றுப் பரப்பிய வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) இல்லறத்தில் வாழ்ந்து பின் துறவு பூண்டவர். துறவியாகி அவர் வாழத் தேர்ந்தது வள்ளியின் மலையை. புத்தாண்டில் ஆங்கிலத் துரைமாரைக் காணச் செல்வதற்கு மாற்றாகத் தணிகைத் துரையைக் காணச் செல்வோம் என்று அவர் தொடங்கிய படித்திருவிழா இன்றும் டிசம்பர் 31இல் நடைபெறுகிறது. 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழாகப் பாடி ஏறுவது வழக்கம். பாடுவோரில் பெண்கள் திரளாக உள்ளனர்.

மகளிரைப் பழிக்கும் முற்பாதியையும் அவர்கள் பாடுகின்றனர். இப்பாடலின் ‘நான்’ அருணகிரி என்னும் ஆடவரின் வாழ்க்கைக் குறிப்பே எனில், பாடும் பெண் தன்மீது சுமத்தப்பட்ட குற்றத்தைத் தானே படித்துக் காட்டுபவள் ஆகிறாள். அது யாரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய அடியவர் நிலை எனில், மயங்கியவளும் மீட்சி வேண்டுபவளும் அவளே. முற்பாதியின் பரத்தை, பொருளாசை முதலாகத் தன்னை இழுக்கும் எதற்கும் உருவகமாகிறாள். படியேறும் பெண்கள் இவ்விரண்டில் எதனை மேற்கொள்கின்றனர் என்பதை ஏடுகளைக் கொண்டு அறிய இயலாது. படித்திருவிழாவில் பாடுவோரிடமே கேட்டுப் பதிவு செய்யும் களஆய்வு தேவை.