கூம்பும் சுத்தியலும்: செயற்கை இடுப்பு மூட்டின் வரலாறு



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஆலயத்தின் கடைசி வாங்கில் அமர்ந்திருந்த முதிய தாயொருவர் என்னை அருகே அழைத்தார். இடுப்பு மூட்டுத் தேய்ந்து இரண்டு ஆண்டுகளாக ஊன்றுகோலுடன் நடப்பவர். சத்திரசிகிச்சைக்குக் குறித்த திகதியை இருமுறை தள்ளிப்போட்டவர். "ஃபாதர், சுத்தியலாலை அடிச்சுத்தான் பூட்டுவினமாம். பேரன் வீடியோவிலை பாத்தவனாம். மெய்யோ?" என்று கேட்டார். "மெய்தான் அம்மா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வாசலில் பலர் காத்திருந்தமையால் அன்று மேலும் விளக்க இயலவில்லை. அந்தக் கேள்விக்குரிய முழு விடையை, அவருக்காகவும் அவரைப்போல் அஞ்சியிருக்கும் ஏனையோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைற்றிங்ரன் என்றொரு வைத்தியசாலை உண்டு. முன்னர் காசநோயாளர்களுக்காக நடத்தப்பட்ட அவ்விடத்தில், 1911இல் பிறந்த ஜோன் சார்ன்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இடுப்பு மூட்டுக்கான தனிப் பிரிவொன்றை உருவாக்கினார். பந்தும் கிண்ணமும் போல் அமைந்த இடுப்பு மூட்டை உருக்குப் பந்தாலும் வழுக்கும் தன்மையுள்ள கிண்ணத்தாலும் மாற்றலாம் என்பது அவர் எண்ணம். கிண்ணத்துக்கு அவர் முதலில் தேர்ந்தது, இன்று நம் சமையற் பாத்திரங்களில் பூசப்படும் ரெஃப்லோன். வீட்டிலிருந்த கடைசல் இயந்திரத்தில் அவரே கிண்ணங்களைக் கடைந்தார். தண்டை எலும்பினுள் நிலைநிறுத்தும் சீமெந்தோ பல் மருத்துவத்திலிருந்து வந்தது; அதற்கு வழிகாட்டியவர் மான்செஸ்ரரைச் சேர்ந்த டெனிஸ் ஸ்மித்.

நோயாளர் வலியின்றி எழுந்து நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் ரெஃப்லோன் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் கெடுத்தன. ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய முயற்சி தோல்வியில் முடிந்தது. சார்ன்லி அதை மறைக்கவில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்தி, உடல் அதை எவ்வாறு எதிர்க்கின்றது என்று கவனித்தார். அங்கே கட்டி தோன்றியதை 1963இல் மருத்துவ இதழொன்றில் எழுதி மற்றவர்களை எச்சரித்தார்.

மாற்றுப்பொருள் 1962 மே மாதம் ஒரு விற்பனையாளரின் கையில் வந்தது. நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட, மிகக் கடினமான ஒருவகைப் பொலித்தீன் அது. சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்துப் பயனற்றது என ஒதுக்கினார். அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹரி கிரேவனோ, தலைவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில், அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் பூட்டி இரவு பகலாக ஓடவிட்டார். ரெஃப்லோன் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. திரும்பிவந்த சார்ன்லி தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பட்டறைத் தொழிலாளியின் சொல்லுக்குப் பெரும் மருத்துவர் செவிசாய்த்த அந்த நாளே, பின்னர் கோடிக்கணக்கானோர் நடந்த பாதையின் தொடக்கம்.

முதற்காலத்தில் உருக்குத் தண்டும் அதன் தலையிலுள்ள பந்தும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டன. பந்தின் விட்டம் 22.225 மில்லிமீற்றர். அதனால் தலையைத் தண்டோடு இணைக்கும் வேலை இருக்கவில்லை. 1970இல் பிரான்சின் போ நகரில், பியர் பூத்தான் என்னும் மருத்துவர் அலுமினா என்னும் சுட்ட பீங்கானால் பந்தும் கிண்ணமும் செய்தார். நீங்கள் ஆண்டுதோறும் யாத்திரை செல்லும் லூர்து நகரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஊர் அது. பீங்கான் எளிதில் தேயாது. ஆயினும் உருக்குத் தண்டோடு ஒன்றாக வார்க்க இயலாது. இரண்டையும் எவ்வாறு இணைப்பது?

நாளடைவில் நிலைபெற்ற விடை, ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இயந்திரப் பட்டறையிலிருந்து வந்தது. 1860களில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்ரீபன் மோர்ஸ் என்பவர், துளையிடும் அலகை இயந்திரத்தில் பொருத்துவதற்கு மெல்லச் சரியும் கூம்பு ஒன்றை வடிவமைத்தார். கூம்பை அதற்கேற்ற குழியில் நுழைத்து ஒருமுறை தட்டினால் போதும். திருகாணியும் பசையும் இல்லாமலே, உராய்வினால் மட்டும் அது இறுகிக்கொள்ளும். மூட்டுத் தண்டின் கழுத்தும் இத்தகைய கூம்பாகவே இன்று அமைகின்றது. பரவலாக வழங்கும் ஒருவகையில் அதன் மேல்முனை ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், அடி ஏறத்தாழ 14 மில்லிமீற்றர். பந்து தனியாக வருவதால், அதன் குழியின் ஆழத்தை மாற்றி இரு கால்களின் நீளத்தையும் சமன்செய்யவும் முடிகின்றது.

இனி, அந்தத் தாய் அஞ்சிய சுத்தியலுக்கு வருவோம். மருத்துவர் முதலில் பரீட்சைக்கென்றே உள்ள பிளாஸ்ரிக் பந்தைத் தண்டில் வைத்துக் காலை அசைத்து, நீளத்தையும் உறுதியையும் பார்க்கிறார். பின்னர் கூம்பைக் கழுவி, ஈரமின்றித் துடைக்கிறார். குருதியோ கொழுப்போ எலும்புத் துகளோ சிறிதளவு இருந்தாலும் பிடிப்புத் தளரும். நிலையான பந்தைக் கையால் வைத்து மெதுவாகத் திருகி அமர்த்துகிறார். அதன்மேல் ஓர் உருக்குக் கோலை நேராகப் பிடிக்கிறார். கோலின் நுனியில் பந்தின் வளைவுக்கேற்பக் குழிந்த பிளாஸ்ரிக் தொப்பி இருக்கும். சுத்தியல் விழுவது அந்தக் கோலின் மறுமுனையிலேயே. உலோகச் சுத்தியல் பீங்கானை ஒருபோதும் நேரே தொடாது. அடி கூம்பின் அச்சிலேயே இறங்கவேண்டும். சாய்ந்தால் பந்து செவ்வையாக அமராது.

அந்த ஒரு கணத்தில் தங்கியிருப்பது பெரிது. கூம்பு சரியாக இறுகாவிட்டால், ஒவ்வோர் அடி நடக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண் அசைவு உண்டாகும். உலோகம் உராய்ந்து அரிக்கும். அத்துகள்கள் தசையைச் சிதைக்கும். பெரிய உலோகப் பந்துகள் பொருத்தப்பட்ட பலர் இத்துன்பத்தை அனுபவித்து, மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர். ஆதலால் அச்சம் முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மருத்துவரிடம் எந்த வகை மூட்டு, ஏன் அது என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவமதிப்பாகாது.

சார்ன்லி தம் நோயாளரிடம் ஒரு வாக்குறுதி கேட்பார்: இறந்தபின் அந்த மூட்டை ஆய்வுக்காகத் திருப்பித் தரவேண்டும் என்பதே அது. பலர் அவ்வாறே தந்தனர். தாங்கள் பெற்ற நடையை, பெயரறியாத பிறருக்கு விட்டுச்சென்றனர். இன்று உங்களுக்குப் பொருத்தப்படும் மூட்டில் அவர்களின் கொடையும் இருக்கின்றது. நவம்பரில் இறந்த விசுவாசிகளுக்காக மன்றாடும்போது அவர்களையும் நினைவுகூருங்கள்.

தொடக்க நூலின் 32ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் போராடிய யாக்கோபின் தொடைச்சந்து இடம் விலகுகின்றது. விடியும்போது அவர் நொண்டிக்கொண்டே நடக்கிறார். ஆனால் ஆசி பெற்றவராக நடக்கிறார். முழந்தாளிட முடியவில்லையே என்று கடைசி வாங்கில் கலங்குவோருக்கு நான் அடிக்கடி நினைவூட்டும் காட்சி இது.

அம்மா, உங்கள் பேரன் பார்த்தது மெய். ஆனால் அந்த அடிக்கு முன்னே ஒரு பட்டறைத் தொழிலாளியின் விடாமுயற்சியும், தம் தவற்றை ஒப்புக்கொண்ட மருத்துவரின் நேர்மையும், துடைத்துக் காயவைத்த கைகளின் பொறுமையும் நிற்கின்றன. புதிய திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். அன்று காலைத் திருப்பலியை உங்களுக்காக ஒப்புக்கொடுப்பேன்.

இறையாசி உங்கள் அனைவரோடும் இருப்பதாக.